சாமிக்குக் கால் வலிக்கவில்லை

பிள்ளைகளா, இதை நீங்கள் இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்துதான் படிக்க வேண்டியிருக்கும். அக்காவுக்குத் தமிழ் எழுத்து தெரியும், வேகம் கிடையாது. தம்பிக்கு வேகம் உண்டு, எழுத்து தெரியாது. கிங்ஸ் சர்க்கிள் பக்கம் போகும்போது கடைப் பலகைகளைக் கூட்டுச் சேர்ந்து படிப்பீர்கள் அல்லவா, அப்படியே இதையும் படியுங்கள். நான் எட்டாவதோடு நின்றவன். பெரிய வார்த்தை ஏதாவது வந்தால் அது டாக்டரம்மா சொன்னது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

என் கால் கதையைத் தாராவியில் நம் சந்துக்குள்ளேயே இரண்டு விதமாகச் சொல்கிறார்கள். உங்கள் அம்மா சொல்லும் கதையில் நான் கேணையன். பஜனைக் கோஷ்டி சொல்லும் கதையில் நான் பெரிய பக்தன். இரண்டிலும் கொஞ்சம் உண்மை உண்டு. ஆனால் இரண்டிலுமே கால் இல்லை. உங்களுக்கும் ஆளுக்கு இரண்டு கால் இருப்பதால், நான் காலைப் பற்றி எழுதுகிறேன்.

வலது பெருவிரலில்தான் ஆரம்பித்தது, அல்லது அப்படித்தான் நான் நினைத்தேன். மழைக்காலம் தொடங்கும் முன்பே அந்த விரல் மெத்தென்று ஆகிவிட்டது. ஈரச் சாக்ஸைப் போட்டுக்கொண்டு நடப்பது போல இருக்கும். குனிந்து பார்த்தால் வெறுங்கால். தொட்டால் தெரியும், ஆனால் துணிக்கு மேலே தொடுவது போலத் தெரியும். வலி கிடையாது. வலி இல்லாத ஒன்றை வியாதி என்று யார் சொல்வார்கள்? நான் சொல்லவில்லை.

ஆனால் காரணம் சொல்ல ஆள் பஞ்சமே இல்லை. நான் வேலை செய்யும் தோல் பை தைக்கும் கார்கானாவில், மோட்டார் மிஷினின் பெடலை அந்தக் காலால்தான் அழுத்துகிறேன். அதனால் பெடல்தான் காரணம் என்பது என் கட்சி. பக்கத்து மிஷினில் தைக்கும் உத்தரப் பிரதேசத்து பாய், "நஸ் தப் கயா ஹோகா" என்றார். இடுப்பில் எங்கேயோ நரம்பு அழுந்தியிருக்கிறது என்று அர்த்தம். கார்கானா முதலாளி சேட்டுக்கு உலகத்தில் எல்லாமே கேஸ்தான், வாயுத் தொல்லை. என் விரலும் கேஸ் என்றார். மெடிக்கல் கடைக்காரர் காலைப் பார்க்காமலேயே சிவப்புச் சத்து மாத்திரை கொடுத்தார். கல்யாணில் இருக்கும் உங்கள் மாமா, லோக்கல் டிரெயினில் ஒரே காலில் நின்று வருவதால் தனக்கும் அப்படித்தான் மரத்துப்போகிறது, தாதரில் இறங்கி நடந்தால் சரியாகிவிடும் என்றார். எனக்கு எங்கே இறங்கி நடந்தாலும் சரியாகவில்லை.

அதே நாட்களில் எனக்குத் தாகமும் அதிகம். விடிவதற்குள் இரண்டு தடவை பொதுக் கக்கூசுக்கு நடப்பேன். தண்ணீர் நிறையக் குடிப்பதால் போகிறேன், அதிகம் போவதால் குடிக்கிறேன் என்று இரண்டுக்கும் ஒன்றை ஒன்று சாட்சி வைத்துவிட்டேன். விரலையும் தாகத்தையும் சேர்த்துப் பார்க்கத் தோன்றவே இல்லை. ஒன்று கீழே இருக்கிறது, ஒன்று மேலே இருக்கிறது.

அப்புறம் கார்த்திகை வந்தது. மாலை போட்டேன்.

ஒரு மண்டலம் செருப்பு இல்லாமல் நடப்பது ஊரில் எப்படியோ, இங்கே லேசான காரியம் இல்லை. தார், உடைந்த பாட்டில், கார்கானா வாசலில் சிதறும் ஆணி எல்லாம் உண்டு. அதிலும் ஒரு வேடிக்கை பாருங்கள்: நாள் முழுக்கத் தோலைத் தைக்கிறவன், காலில் தோலைப் போடக்கூடாது. எங்கள் குருசாமி நியாயமானவர். பம்பாய்க்கு என்று அவரே ஒரு விதி வைத்திருந்தார்: "பொதுக் கக்கூசுக்குப் போறப்ப மட்டும் ரப்பர் செருப்பு போட்டுக்கிடலாம். அய்யன் ஒண்ணும் நெனைக்க மாட்டாரு." எல்லாச் சாமிகளும் அந்தச் சலுகையை நன்றியோடு எடுத்துக்கொண்டார்கள்.

நான் எடுத்துக்கொள்ளவில்லை. எனக்குத் தேவைப்படவில்லை. மற்ற சாமிகள் முதல் வாரம் பூராவும் நொண்டுவார்கள், கல் குத்தினால் "சாமியே" என்று நின்றுவிடுவார்கள். நான் ஜல்லியில் கூட ரோட்டில் நடப்பது போல நடந்தேன். குருசாமி ஒரு நாள் பஜனையில் எல்லார் முன்னாலும் என்னைக் காட்டினார்.

"பாத்தியளா இந்தச் சாமிய? மொகத்துல ஒரு சுளிப்பு உண்டா? கன்னிச் சாமி எல்லாம் இவரப் பாத்துப் படிக்கணும். ஒடம்ப மறந்தாச்சு அவரு."

உடம்பை மறக்கவில்லை, உடம்பு என்னை மறந்துகொண்டிருந்தது. ஆனால் அப்போது எனக்கு அது தெரியாது. தெரிந்ததெல்லாம், அன்றைக்கு எனக்கு வந்த பாயசக் கிண்ணம் மற்றவர்களுடையதைவிடப் பெரியது என்பதுதான். அதற்குப் பிறகு எந்த வீட்டில் பூஜை நடந்தாலும் எனக்கு முன்வரிசையில் இடம். சர்க்கரைப் பொங்கல் இரண்டாவது தடவையும் வரும், பஞ்சாமிர்தம் கேட்காமலே வரும். என் பக்தி ஏற ஏற இனிப்பும் ஏறியது. செம்பூரில் ஒரு வீட்டில் அந்த அம்மா, "இந்தச் சாமி சாப்பிட்டா நம்ம வீட்டுக்கு நல்லது" என்று சொல்லிச் சொல்லிப் பரிமாறினார். அவர்கள் வீட்டுக்கு நல்லதாகத்தான் முடிந்திருக்கும்.

இப்படி இருக்கும்போது ஒரு நாள் மத்தியானம் கார்கானாவில் ஊசி முறிந்தது. பெண்களுக்கான ஏற்றுமதிக் கைப்பை தைத்துக்கொண்டிருந்தேன். பெடலில் எவ்வளவு அழுத்துகிறேன் என்று காலுக்குத் தெரியவில்லை. மிஷின் சட்டென்று ஓட, மடிப்பில் தட்டி ஊசி உடைந்தது. எங்கள் தொழிலில் ஊசி முறிந்தால் எல்லாத் துண்டும் கைக்கு வந்தாக வேண்டும். முனை கிடைக்காவிட்டால் அது பைக்குள் இருக்கலாம், பைக்குள் இருந்தால் வெளிநாட்டில் யாராவது அம்மாவின் விரலைக் குத்தலாம். அந்த அம்மாவின் விரலுக்காக அன்று எங்கள் கார்கானாவே தரையில் ஊர்ந்தது. சேட் காந்தத்தை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு பையாகத் தடவினார். நானும் வெறுங்காலோடு மிஷினைச் சுற்றிச் சுற்றித் தேடினேன். கிடைக்கவில்லை.

"ஸ்வாமிஜி, பாவ் ஜரா ஹல்கா ரக்கோ" என்றார் சேட். காலை லேசாக வையாம். சந்தேகப்பட்ட பைகளைத் தனியாகக் கட்டி வைத்துவிட்டு, தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார்.

அன்று சாயங்காலம் நடந்தது, மகளே, உனக்குத்தான் முதலில் தெரியும். நான் வாசலில் இருந்து சாமிப் படம் வரைக்கும் நடந்து வந்தேன். நீ தரையைப் பார்த்தாய்.

"எப்பா, அங்கனயே நில்லுங்க. டைல்ஸ்ல பாருங்க, ஒவ்வொரு ஸ்டெப்லயும் சிகப்பா ஒரு டாட். யே க்யா ஹை?"

காலைத் தூக்கிப் பார்த்தால் பெருவிரலின் அடியில் சின்ன ஓட்டை. அதிலிருந்து ரத்தம். அம்மா அடுப்படியிலிருந்து வந்தாள். மாலை போட்டிருப்பதால் புருஷனையும் சாமி என்றுதான் கூப்பிட வேண்டும். அவள் அதில் ஒரு குறையும் வைக்கவில்லை.

"சாமி, இது எப்பக் குத்துச்சு?"

"கல்லாருக்கும்."

"குத்துனது சாமிக்குத் தெரியலியா?"

"தெரியல."

"குத்துனா வலிக்கணும்லா சாமி?"

"அய்யன் பாத்துக்கிடுதாரு."

"அய்யன் பாக்கட்டும். சாமியும் ஒரு தடவ குனிஞ்சு பாத்தா என்ன?"

நான் மஞ்சளை வைத்து அழுத்தினேன். மறுநாள் பஜனையில் இந்த விஷயத்தை நானாகச் சொல்லவில்லை. யாராவது கேட்பார்கள் என்று காலை மட்டும் கொஞ்சம் முன்னால் நீட்டி உட்கார்ந்தேன். கேட்டார்கள். ரத்தம் வந்தும் சாமிக்குத் தெரியவில்லை என்ற செய்தி எங்கள் சந்துக்கு வெளியேயும் போயிற்று.

விரலும் வளர்ந்தது. முதலில் சிவந்தது, பிறகு பளபளவென்று வீங்கியது, பிறகு நகத்தின் ஓரம் கறுத்தது. சிவப்பு பாதத்தின் மேல் பக்கம் ஏறியது. அப்போதும் வலிக்கவில்லை. உங்களுக்கு நான் ஒளிக்காமல் சொல்கிறேன்: ஒவ்வொரு நாளும் அது வலிக்காதது எனக்கு ஒரு பரிசு போல இருந்தது. வலித்திருந்தால் முதல் நாளே அலறிக்கொண்டு போயிருப்பேன்.

கடைசியில் தம்பிதான் கண்டுபிடித்தான். சாப்பிட உட்கார்ந்தவன் மூக்கைச் சுருக்கி, "எப்பா, ஒங்க மேல செத்த எலி வாசம் வருது" என்றான். குளிர் ஜுரமும் அன்று காலைதான் தொடங்கியிருந்தது. அம்மா தட்டை எடுத்து ஓரமாக வைத்தாள்.

"கெளம்புங்க சாமி, ஆஸ்பத்திரிக்கு."

"போவோம். செருப்பு மட்டும் போட மாட்டேன்."

"கக்கூசுக்குப் போட்டா ஒண்ணும் நெனைக்காத அய்யன், ஆஸ்பத்திரிக்குப் போட்டா நெனைப்பாரா? ரெண்டுல எது சுத்தமான எடம்னு சாமியே சொல்லட்டும்."

அந்த இரண்டு இடங்களையும் பற்றி நன்றாகத் தெரிந்தவன் என்ற முறையில் நான் உடனே எழுந்து துண்டைத் தோளில் போட்டேன். ஆனாலும் வெறுங்காலோடுதான் டாக்சியில் ஏறினேன். மகளே, நீ கல்லூரிக்குப் போகாமல் கூட வந்தாய், இந்தி பேசுவதற்கு. எனக்கும் இந்தி வரும். ஆனால் என் இந்தியில் சேட்டிடம் லீவு கேட்கலாமே தவிர, உடம்பைச் சொல்ல முடியாது.

முனிசிபல் ஆஸ்பத்திரியில் எங்களைப் பார்த்த டாக்டரம்மா உன்னைவிடச் சில வயதுதான் மூத்தவராக இருப்பார். கறுப்பு வேட்டியையும் மாலையையும் பார்த்தார், பிறகு காலைப் பார்த்தார். பென்சில் போன்ற ஒன்றில் மாட்டிய நைலான் இழையை எடுத்தார். "கண்ணை மூடிக்கொள்ளுங்கள். நான் தொடும்போதெல்லாம் ஹாங் சொல்லுங்கள்" என்றார். நல்ல மாணவனாக நான் "ஹாங்" என்றேன். கொஞ்சம் கழித்து இன்னொரு "ஹாங்". நீ களுக்கென்று சிரித்தாய். அவர் தொடாதபோது நான் ஹாங் சொல்லியிருக்கிறேன். அடுத்து நீண்ட நேரம் நான் ஒன்றும் சொல்லவில்லை. கண்ணைத் திறந்தபோது நீயும் சிரிக்கவில்லை. அத்தனை நேரமும் அவர் தொட்டுக்கொண்டுதான் இருந்தாராம். நான் புகார் சொன்னது வலது கால். இடது காலும் அந்தப் பரீட்சையில் தோற்றுவிட்டது.

கைவிரல் நுனியில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துச் சர்க்கரை பார்த்தார்கள். மிஷின் காட்டியதைப் பார்த்துவிட்டு நர்ஸ் இன்னொரு மிஷினைக் கொண்டுவந்தார், முதலாவது கெட்டுவிட்டதோ என்று. கெடவில்லை.

"எத்தனை வருடமாகச் சர்க்கரை?" என்று டாக்டரம்மா கேட்டார்.

"எனக்குச் சர்க்கரை கிடையாது" என்றேன்.

"பார்த்திருக்கிறீர்களா?"

"இல்லை."

அவர் உன் முகத்தைப் பார்த்தார். நீ தரையைப் பார்த்தாய்.

பிறகு எக்ஸ்ரே. கம்ப்யூட்டர் திரையில் என் பெருவிரல் எலும்பு சாம்பல் நிறத்தில் தெரிந்தது. அதன் பக்கத்தில் வெள்ளை வெளேரென்று கூராக ஒன்று. உனக்குத்தான் அது என்ன என்று தெரியவில்லை. எனக்குப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. அந்த நம்பர் ஊசியில் பல வருடமாகத் தைக்கிறேன். உடனே சேட்டுக்கு போன் போட்டேன்.

"சேட், ஊசி முனை கிடைச்சிருச்சு."

அவர் குரல் பூரித்துப்போனது. "கிஸ் பேக் மே?" என்றார். எந்தப் பையில்?

"பேக்கில் இல்லை. என் காலில்."

பிறகு மெதுவாகக் கேட்டார்: "தோ... பேக் சப் பாஸ் ஹை?"

அப்படியானால் பைகள் எல்லாம் தேறிவிட்டன. நான் தேறினேனா என்பதுதான் பாக்கி. டாக்டரம்மா அதை நேராகவே சொன்னார்: சீழ் எலும்பைத் தொட்டிருந்தால் விரலை எடுக்க வேண்டிவரும். எடுத்தபின் நின்றால் நல்லது. சிவப்பு மேலே ஏறினால் விரலோடு நிற்காது. இரண்டு மூன்று நாள் மருந்து ஏற்றிப் பார்த்தால்தான் தெரியும். நான் பெடலை நினைத்துக்கொண்டேன். பெடல் இல்லாவிட்டால் நான் என்ன செய்வேன், நீ படிக்கும் படிப்பு என்ன ஆகும் என்று நினைத்துக்கொண்டேன். குருசாமி சொன்ன பாராட்டு ஒன்றுகூட அப்போது ஞாபகத்துக்கு வரவில்லை.

விரலைக் கீறும் முன் மரத்துப்போக ஊசி போட வந்தார்கள். "இதுவே மரத்ததுதானே, வீண் செலவு" என்றேன். டாக்டரம்மா முதல் தடவையாகச் சிரித்தார். "மேலே செத்திருக்கிறது, ஆழத்தில் எப்படி என்று நமக்குத் தெரியாது" என்றார். ஆழத்தில் உயிர் இருந்தது. ஊசி இறங்கியபோது எங்கேயோ தூரத்தில் சுள்ளென்றது. எனக்கு அழுகை வரும் அளவுக்குச் சந்தோஷமாக இருந்தது.

வார்டில் படுத்திருந்தபோது ஒன்று புரிந்தது. எனக்குக் காரணம் சொன்னவர்கள் யாரும் பொய் சொல்லவில்லை, ஆள்தான் மாறிப்போயிற்று. எதிர்க் கட்டிலில் மூட்டை தூக்கும் ஒருவர். அவருக்கு உண்மையிலேயே இடுப்பு நரம்புதான். வலி தொடையில் இறங்கி, ஒரு காலின் விரல்கள் மரத்துப்போயின. ஒன்றுக்குப் போவது கட்டுப்பாட்டில் இல்லாமல் போன அன்றைக்கே அவர் மனைவி தூக்கிக்கொண்டு வந்துவிட்டதால் தப்பித்தார். ஒரு நாள் தாமதித்திருந்தாலும் கஷ்டம் என்றார்கள். அதற்கடுத்தவருக்குக் குடி. ஜன்னல் ஓரத்துப் பெரியவருக்குச் சத்துக் குறைவு. மெடிக்கல் கடைக்காரரின் சிவப்பு மாத்திரை அவருக்குப் போயிருந்தால் புண்ணியமாயிருக்கும். இறுக்கமான ஷூ போட்டு மரத்தாலும் அதைக் கழற்றினால் போய்விடும். காலை மடித்து உட்கார்ந்து மரத்தது எழுந்து நடந்தால் போய்விடும். போகாமல் நிற்பதுதான் விஷயம். டாக்டரம்மா என் முதுகிலும் கையிலும் வெளிறிய தேமல் ஏதாவது இருக்கிறதா, அந்த இடத்தில் உணர்ச்சி இருக்கிறதா என்றுகூடப் பார்த்தார். குஷ்டமும் இப்படித்தான் வலிக்காமல் ஆரம்பிக்குமாம். அதற்கும் மருந்து உண்டு, முழுசாகக் குணமாகும், ஒளித்து வைப்பதுதான் கெடுதல் என்றார்.

அதனால் கேளுங்கள். கால் விரல் மரத்து, சில நாளிலும் சரியாகாவிட்டால், அல்லது மேலே ஏறினால், அல்லது இரண்டு காலிலும் வந்தால், டீக்கடையில் கேட்காதீர்கள், டாக்டரிடம் போங்கள். சர்க்கரை இருக்கிறவர்கள் சின்னக் கீறலுக்கும் போக வேண்டும். அப்பனுக்கு இருப்பதால் உங்களுக்கும் பிற்காலத்தில் வரலாம், வருடத்துக்கு ஒரு தடவை பாருங்கள். திடீரென்று ஒரு பக்கம் கையும் காலும் மரத்து, வாய் கோணினாலோ பேச்சுக் குழறினாலோ அந்த நிமிஷமே கிளம்புங்கள். கீழே விழுந்தோ முதுகில் அடிபட்டோ மரத்தாலும் அப்படித்தான். கால் சில்லிட்டு, வெளுத்தோ நீலமாகவோ போனாலும் நாளைக்குப் பார்க்கலாம் என்று இருக்காதீர்கள். டிரெயினில் மரத்துப்போவதற்கு மட்டும் உங்கள் மாமா சொன்னது சரி.

மூன்றாம் நாள் கட்டைப் பிரித்தபோது டாக்டரம்மா குனிந்து ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு, "ரஹேகா" என்றார். விரல் இருக்கும். நகம் போய்விட்டது, அடியில் கொஞ்சம் சதை போய்விட்டது. உணர்ச்சி திரும்பி வரும் என்று நம்பிக்கை வைக்காதீர்கள், சர்க்கரையை அடக்கினால் மேற்கொண்டு போகாமல் நிறுத்தலாம் என்றார். வீட்டுக்குள்ளும் செருப்பு, வெறுங்கால் என்ற பேச்சே கூடாது. தினமும் காலையில் உள்ளங்காலைப் பார்க்க வேண்டும்.

குருசாமி பார்க்க வந்தார். வார்டு வாசலில் காவல்காரர் செருப்பு எங்கே என்று கேட்டதற்கு, விரதம் என்று சொல்லிவிட்டு வெறுங்காலோடு உள்ளே வந்தார்.

"சாமி, மல எங்கயும் ஓடிப்போவாது. அடுத்த வருசம் வாரும். அய்யனுக்குச் செருப்பு மேல என்ன கோவம்?" என்றார். பிறகு கட்டிலில் உட்கார்ந்து, குரலைத் தாழ்த்தினார். "எனக்கும் ஒரு வருசமா ரெண்டு உள்ளங்காலும் எறும்பு ஊருத மாதிரி இருக்கு. ராத்திரி எரியுது. தியானம் முத்துனா அப்படி வரும்னு ஒருத்தர் சொன்னாரு."

அம்மா தண்ணீர்ப் பாட்டிலை மூடினாள். "அந்தா போறாவ டாக்டரம்மா. சாமி எந்திரிங்க."

"மலைக்குப் போயிட்டு வந்து..."

"எந்திரிங்க சாமி."

அவருக்கு என்ன வந்தது என்பதை அவரே சொல்லட்டும். அந்த வருடம் கோஷ்டி கிளம்பியபோது, கக்கூசுக்கு இருந்த விதியில் ரோட்டையும் ரயில்வே பிளாட்பாரத்தையும் சேர்த்துவிட்டார் என்பதை மட்டும் சொல்கிறேன். பாயசமும் நின்றுபோயிற்று. கோஷ்டியில் இரண்டு மூன்று பேருக்கு அதில் வருத்தம். என் பக்திதான் பாயசத்தைக் கெடுத்தது என்று இன்னும் சொல்கிறார்கள்.

மற்றவர்கள் மலைக்கு இருமுடி கட்டிய அன்று குருசாமி என் மாலையைக் கழற்றிக் கையில் கொடுத்தார். விடிகாலையில் கோஷ்டியை வழியனுப்ப நீங்களும் அம்மாவும் ஸ்டேஷனுக்குப் போனீர்கள். எனக்கு அவ்வளவு தூரம் நடக்க அனுமதி இல்லை. சரணம் போடும் சத்தம் நம் சந்துக்கு வெளியே ரோட்டுக்குப் போய்க் குறைந்தது. நான் கதவைச் சாத்தினேன். சுவரில் இருந்த சவரக் கண்ணாடியை எடுத்தேன். மாலை போட்ட நாளிலிருந்து அதற்கு வேலை இல்லாமல் தூசி படிந்திருந்தது. துடைத்துத் தரையில் வைத்து, முக்காலியில் உட்கார்ந்து, முதலில் இடது உள்ளங்காலைக் காட்டினேன், பிறகு வலதை. நாற்பது வயதைத் தாண்டிய எனக்கு என் உள்ளங்கால் எப்படி இருக்கும் என்று அன்றுதான் தெரிந்தது. விரல் இடுக்குகளை ஒவ்வொன்றாக விரித்துப் பார்த்துவிட்டு, பழைய துண்டால் ஈரம் போகத் துடைத்து, கண்ணாடியை ஆணியில் மாட்டினேன்.